நெய்யாறு இடதுகரைச் சானல்: 9,200 ஏக்கருக்கான தண்ணீர் எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

2004 பிப்ரவரியில் நெய்யாறு இடதுகரைச் சானலில் தமிழ்நாட்டுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரைக் கேரள அரசு நிறுத்தியது. கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கர் நிலம் அந்தச் சானலை நம்பியிருந்தது. அணை உடையவில்லை, ஆறும் வற்றிவிடவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் கேரளத்தில் 2003ஆம் ஆண்டின் பாசன மற்றும் நீர்ப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. நெய்யாறு கேரளத்துக்குள்ளேயே ஓடும் ஆறு, தண்ணீர் வேண்டுமென்றால் புதிதாக ஒப்பந்தம் போட வேண்டும், அதற்கு விலையும் கொடுக்க வேண்டும் என்பது அங்கிருந்து வந்த பதில்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இதைப் பேசாத தேர்தல் இல்லை, மனு கொடுக்காத விவசாயி குறைவு. ஆனாலும் பேச்சு பெரும்பாலும் ‘கேரளம் தர மறுக்கிறது’ என்ற ஒரே வரியில் நின்றுவிடுகிறது. எந்தச் சட்டப்படி மறுக்கிறது, எந்தச் சட்டப்படி நாம் கேட்கிறோம், வழக்கு முடிகிறவரை நம் கையில் உள்ள சட்டங்களை வைத்து என்ன செய்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. இந்த ஆய்வு அந்த மூன்றையும் பற்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளவங்கோட்டுக்காரர்கள் கேட்பது சலுகை கிடையாது, நாடாளுமன்றச் சட்டத்தில் வேர் உள்ள உரிமை. அந்த உரிமையை அளவாகவும் தேதியாகவும் எழுதி வாங்காமல் விட்டதுதான் இத்தனை ஆண்டு இழுபறிக்குக் காரணம்.

ஒரே மாநிலத்தின் திட்டம்

நெய்யாறு அகத்தியமலைப் பக்கம் பிறந்து, நெய்யாற்றின்கரை வழியாக ஓடி, பூவாறு அருகே கடலில் சேர்கிறது. அதன் குறுக்கே அணை கட்டும் திட்டத்தைத் தொடங்கியது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம். அப்போது நெய்யாற்றின்கரை, விளவங்கோடு இரண்டுமே திருவனந்தபுரம் மாவட்டத்து வட்டங்கள். பக்கத்துப் பக்கத்து வட்டங்கள் என்பதால் இடதுகரைச் சானலின் பாசனப்பரப்பு இரண்டிலும் நீண்டது. அதைத் தனியாக யோசிக்கவேண்டிய தேவையே அன்று யாருக்கும் இருந்திருக்காது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் போகிற வழியில் எந்த ஏலா (பள்ளத்து வயல்வெளி) இருக்கிறதோ அது ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், அவ்வளவுதான்.

1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 4வது பிரிவின்படி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. (இன்றைய கிள்ளியூர் வட்டம் அன்று விளவங்கோட்டுக்குள் அடக்கம்.) அணையும் சானலின் தலைப்பும் கேரளத்துக்குப் போயின. சானலின் வால் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அணை வேலை முடிந்தது 1958இல், அதாவது எல்லை பிரிந்த பிறகு. இந்த இரண்டு வருட இடைவெளி சட்டப்படி மிக முக்கியமானது, பின்னால் வருகிறேன்.

அறுபதுகளில் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விளவங்கோட்டுக்குத் தண்ணீர் வந்தது. அரசு மாறினாலும் ஷட்டர் திறந்தது. தண்ணீர் வந்துகொண்டே இருந்ததால், இத்தனை கன அடி, இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை, வறட்சி ஆண்டில் இந்த விகிதம் என்று இரு மாநிலமும் கையெழுத்திட்ட தனி ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொள்ள யாரும் அவசரப்படவில்லை.

தண்ணீர் நின்ற பிறகு

கன்னியாகுமரி இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம். மழை பெய்கிற ஊருக்குச் சானல் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது இதனால்தான். விளவங்கோட்டு நிலத்தின் அமைப்பு அப்படி. மேடும் பள்ளமுமான செம்மண் பூமி. பெய்த மழை நிற்காமல் ஓடைகளில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். கன்னிப்பூவுக்கு, அதாவது முதல் போக நெல்லுக்கு, நாற்று பாவும்போது தென்மேற்குப் பருவமழை தள்ளிப்போனால் சானல்தான் கைகொடுக்கும். இரண்டாம் போகமான கும்பப்பூ பயிர் பால்பிடிக்கிற காலத்தில் வடகிழக்குப் பருவம் ஓய்ந்திருக்கும். அப்போது கடைசி இரண்டு மூன்று நனைப்பு கிடைக்காவிட்டால் அத்தனை உழைப்பும் பதராகிவிடும்.

அப்புறம் கிணறு. சானலில் தண்ணீர் போகிற நாட்களில் இருபக்கமும் உள்ள கிணறுகளில் நீர் ஏறி நிற்கும். சானலே பார்க்காத மேட்டு வீட்டுக்காரர்கூட அதன் பயனாளிதான். அரசின் கணக்கில் வருவது 9,200 ஏக்கர். இந்தக் கிணறுகளும், சானல் நிரப்பி வந்த குளங்களும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. கொல்லங்கோடு பக்கம் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் கிணற்று நீர் உப்பாகாமல் இருப்பதற்கும் நிலத்தில் இறங்குகிற நன்னீர் தேவை.

இன்று அந்தச் சானலின் கரையோடு நடந்தால் பார்க்கக் கிடைப்பது இதுதான். சிமெண்ட் பூச்சு வெடித்து, வெடிப்புக்குள் அரசங்கன்று வேர் பிடித்திருக்கிறது. மதகின் இரும்புப் பலகை துருவேறி, தூக்கும் திருகுகம்பி பாதி வழியில் இறுகிக் கிடக்கிறது. பாலம் வரும் இடத்திலெல்லாம் பிளாஸ்டிக் பைகளும் கட்டட இடிபாடும் அடைத்திருக்கின்றன. வீட்டு வாசலுக்கு வழி வேண்டும் என்று சானலுக்குள் மண் கொட்டிய இடங்கள் உண்டு. கீழே இறங்கி ஏலாவைப் பார்த்தால் நெல் இருந்த இடத்தில் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) தென்னையும். மேட்டில் ரப்பர். விவசாயியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தண்ணீர் வருமா வராதா என்று தெரியாதவர் எந்தத் துணிச்சலில் நாற்று பாவுவார்? நெல்லை விட்டவர்கள் மனம் மாறி விடவில்லை. பிழைக்க வழி தேடினார்கள்.

கேரளம் சொல்வது

எதிர்த்தரப்பை நியாயமாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 17வது இனம் தண்ணீர். குடிநீர், பாசனம், கால்வாய், வடிகால், கரை, நீர்த்தேக்கம், நீர்மின்சாரம் எல்லாம் மாநிலச் சட்டமன்றத்தின் கையில். இதற்கு ஒரே வரம்பு ஒன்றியப் பட்டியலின் 56வது இனம். மாநிலங்களுக்கிடையிலான ஆறுகளை ஒழுங்குபடுத்துவதை நாடாளுமன்றம் சட்டம் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. நெய்யாறு பிறந்து கடலில் சேர்வது வரை கேரளத்தில் ஓடுவதால் அது மாநிலங்களுக்கிடையிலான ஆறு இல்லை, ஆகவே 17வது இனம் முழுதாகத் தங்களுக்குப் பொருந்தும் என்பது கேரளத்தின் நிலை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நிலைமேல்தான் நிற்கிறது. மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளுக்குத் தனித்தனியாக இருந்த பாசனச் சட்டங்களை ஒன்றாக்கி, மாநிலத்தின் நீர்வழிகளும் அவற்றில் உள்ள தண்ணீரும் அரசுக்குச் சொந்தம் என்று அது அறிவித்தது.

தேவையும் அங்கே கூடியிருக்கிறது. 2017 கோடையில் திருவனந்தபுரம் நகருக்குக் குடிநீர் இல்லாமல் போய், நெய்யாறு நீர்த்தேக்கத்திலிருந்து மோட்டார் வைத்து இறைத்து அருவிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். நெய்யாற்றின்கரையில் சானலின் கடைசியில் இருக்கிற கடைவரம்பு விவசாயிக்கும் தண்ணீர் பற்றாக்குறை இருக்கும். அவரும் நம்மைப் போன்றவர்தான், இரு பக்கத்திலும் உறவுமுறை உண்டு. ஆக, ‘வேண்டுமென்றே செய்கிறார்கள்’ என்பது வாதமாகாது. தேவை இரு பக்கமும் இருக்கும்போது எது பங்கு என்பதைச் சட்டம்தான் சொல்ல வேண்டும்.

மறந்துபோன 108வது பிரிவு

கேரளத்தின் வாதத்தில் எனக்குப் படுகிற பெரிய ஓட்டை, அது 2003இல் தொடங்குவது. கணக்கு 1956இல் தொடங்க வேண்டும்.

மாநில மறுசீரமைப்புச் சட்டத்தை எழுதியவர்களுக்கு எல்லைக்கோடு அணைகளையும் சானல்களையும் வெட்டும் என்பது தெரிந்தே இருந்தது. அதற்காகத்தான் 108வது பிரிவை வைத்தார்கள். அதில் இரண்டு பகுதி. முதல் பகுதி, ஏற்கெனவே முடிந்த திட்டங்கள் குறித்து மாநிலங்களுக்கிடையே இருந்த ஒப்பந்தங்கள் தொடரும் என்கிறது. முல்லைப் பெரியாறு போன்றவை இதில் வரும். நெய்யாறு இதில் வராது, ஏனென்றால் அது ஒரே மாநிலத்தின் திட்டம். தன்னோடு தானே யாரும் ஒப்பந்தம் போடுவதில்லை.

இரண்டாம் பகுதிதான் நமக்கு வேண்டியது. எல்லை பிரிந்த நாளில் கையில் எடுக்கப்பட்டு முடியாமல் இருந்த திட்டங்களைப் பற்றியது அது. அப்படிப்பட்ட திட்டத்தில் இரண்டு வாரிசு மாநிலங்களுக்குத் தொடர்பு இருந்தால், திட்டத்தின் வரம்பையோ, அதை நடத்தும் முறையையோ, அதன் பயன் பங்கிடப்படுவதையோ அந்த மாநிலங்கள் ஒப்புக்கொண்டால்தான் மாற்றலாம். ஒப்புதல் வராவிட்டால் ஒன்றிய அரசு உத்தரவிடும் முறைப்படிதான் மாற்றலாம். ஒரு மாநிலம் தானாக மாற்ற அதில் இடமே இல்லை. திட்டம் 1956க்கு முன்பு தொடங்கியது, அணை முடிந்தது 1958இல். அந்த இரண்டு வருட இடைவெளி ஏன் முக்கியம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். நெய்யாறு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இந்த உட்பிரிவில் உட்காருகிறது.

மாநிலப் பட்டியலில் உள்ள தண்ணீரைப் பற்றி நாடாளுமன்றம் இப்படி எழுதலாமா என்ற கேள்வி வரும். வந்தும் இருக்கிறது. முல்லைப் பெரியாறு வழக்கில் 108வது பிரிவே செல்லாது என்று வாதம் வைக்கப்பட்டது. 2006 பிப்ரவரி 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மாநிலங்களைப் பிரிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 3, 4வது பிரிவுகளில் இருந்து வருவது, பிரிக்கும்போது அதனால் எழும் காரியங்களுக்கும் நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம், மாநிலப் பட்டியல் அதற்குத் தடையாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பெரியாற்றுக்குக் கிடைத்த இந்த முடிவு நெய்யாற்றுக்கும் பொருந்தும் என்பதை நம் ஊர் மேடைகளில் அடிக்கடி கேட்க முடிவதில்லை. கேட்க வேண்டும்.

இன்னொன்று. நெய்யாறு மாநிலங்களுக்கிடையிலான ஆறா இல்லையா என்ற சண்டையில் போய் நாம் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. 108வது பிரிவு பேசுவது ஆற்றைப் பற்றி இல்லை, திட்டத்தைப் பற்றி. ஆறு எந்த மாநிலத்தில் ஓடினாலும், திட்டத்தின் பயன் இரண்டு வாரிசு மாநிலங்களுக்கும் உரியதாக இருந்தால் போதும்.

மாநிலச் சட்டம் எவ்வளவு தூரம் எட்டும்

தண்ணீர்ச் சண்டையில் மாநிலங்கள் சட்டமன்றத்தை ஆயுதமாக எடுத்தது இது முதல் முறை கிடையாது. காவிரி நடுவர் மன்றம் 1991இல் இடைக்கால உத்தரவு போட்டதும் கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. பஞ்சாப் 2004இல் தன் தண்ணீர் ஒப்பந்தங்களை ரத்து செய்யச் சட்டம் இயற்றியது, 2016 நவம்பரில் அதுவும் செல்லாது என்று கருத்துரை வந்தது. மூன்றாவது உதாரணம் நம் கதைக்கு மிக நெருக்கம். முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் தீர்ப்பு வந்த சில வாரங்களில், 136 அடிக்கு மேல் கூடாது என்று கேரளச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அது திருத்தியது எந்தச் சட்டத்தை? இதே 2003ஆம் ஆண்டுப் பாசன மற்றும் நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தை. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை முல்லைப் பெரியாற்றின் அளவில் செல்லாததாக்கியது. நீதிமன்றம் தீர்த்து வைத்த ஒன்றைச் சட்டமன்றம் வெறும் சட்டம் போட்டு இல்லாமலாக்க முடியாது என்பது காரணம்.

இந்த மூன்றையும் காட்டி நெய்யாற்றிலும் எளிதாக ஜெயித்துவிடலாம் என்று சொன்னால் அது உண்மைக்கு மாறாக இருக்கும். காவிரியில் நடுவர் மன்ற உத்தரவு கையில் இருந்தது. பஞ்சாபில் ஒப்பந்தம் இருந்தது. பெரியாற்றில் 1886ஆம் ஆண்டு குத்தகைப் பத்திரம், அதன்மேல் தீர்ப்பு. நெய்யாற்றில் அப்படி எடுத்து மேசைமேல் வைக்க எண்ணிக்கை போட்ட தாள் இல்லை. 108வது பிரிவு உரிமையைத் தருகிறது, ஆனால் கன அடிக் கணக்கைத் தரவில்லை. அந்த இடைவெளியை நாற்பது ஆண்டுப் பழக்கமும் திட்டத்தின் மூல ஆவணங்களும்தான் நிரப்ப வேண்டும்.

தமிழ்நாடு 2012இல் அரசியலமைப்பின் 131வது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குத் தொடுத்தது. தண்ணீர் நின்று எட்டு ஆண்டு கழித்து. அந்த எட்டு ஆண்டும் கடிதத்திலும் பேச்சுவார்த்தையிலும் போனது. பேச்சுவார்த்தை தப்பில்லை. ஆனால் இரண்டு மாநிலத்துக்குமே சாட்சியாக நிற்கக்கூடிய பொறியாளர்களும் விவசாயிகளும் வயதானவர்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும் என்று அன்றே முடிவெடுத்திருக்கலாம்.

எழுதி வைத்த இடத்தில் என்ன நடக்கிறது

இதே இரண்டு மாநிலங்கள் வேறொரு இடத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தால் தாளின் அருமை தெரியும். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் 1970இல் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி கேரளத்தின் சித்தூர் ஆயக்கட்டுக்கு மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி.) தண்ணீரைத் தமிழ்நாடு உறுதிசெய்ய வேண்டும். நீர் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. அளக்கும் இடம் எது என்பது வரை எழுதியிருக்கிறார்கள். அங்கே சண்டையே இல்லை என்று சொல்லமாட்டேன், வறட்சி ஆண்டில் கடுமையாகவே நடக்கிறது. ஆனால் அந்தச் சண்டை ‘இத்தனை குறைந்தது’ என்பதைப் பற்றியது. ‘உனக்கு ஏன் தர வேண்டும்’ என்பதைப் பற்றியது கிடையாது. சித்தூர் விவசாயிக்கு இருக்கிற இந்தப் பாதுகாப்பைத்தான் நம் பக்கத்து ஊர்களான மெதுகும்மலிலும் அடைக்காகுழியிலும் இருப்பவர் கேட்கிறார்.

நம் மாவட்டத்துக்குள்ளேயே திரும்பிப் பார்க்க ஒரு கண்ணாடி இருக்கிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் தோவாளை சானல் வழியாகப் போய், ராதாபுரம் கால்வாயில் திருநெல்வேலி மாவட்டத்தில் சுமார் 17,000 ஏக்கருக்குப் பாய்கிறது. கோதையாறு, பட்டணங்கால் கால்வாய்ப் பாசனத்தில் நம் மாவட்டத்தில் சொல்லப்படும் ஆயக்கட்டு 79,000 ஏக்கர். தண்ணீர் குறைகிற ஆண்டுகளில் எங்கள் கடைவரம்புக்கே எட்டவில்லை, ராதாபுரத்துக்கு எப்படி விடலாம் என்று இங்கே குரல் எழும்புகிறது. ராதாபுரத்துக்காரர் நம்மைப் பார்த்துச் சொல்வதும், விளவங்கோட்டுக்காரர் கேரளத்தைப் பார்த்துச் சொல்வதும் ஏறக்குறைய ஒரே வாசகம். நெய்யாற்றில் நாம் நியாயம் கேட்கும்போது ராதாபுரத்தின் நியாயத்தையும் மறுக்காமல் பேசப் பழக வேண்டும். அங்கே இரு மாவட்டமும் ஒரே அரசின் கீழ் இருப்பதால் ஓர் அரசாணையில் தேதியும் அளவும் வந்துவிடுகிறது. மாநில எல்லை குறுக்கே வந்தால் அந்த வேலையைச் செய்ய யாருமில்லை. ஆற்று வாரியங்கள் அமைக்க 1956இலேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. இன்றுவரை அதன்கீழ் ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை.

நம் பக்கத்துச் சட்டங்கள்

இனி சொல்லப்போவது வழக்கைவிட அவசரமானது. நாளை காலையில் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்து, மதகைத் திறந்துவிட்டால் தண்ணீர் எதில் வரும்?

உபயோகமில்லாத கால்வாய்க்கு என்ன ஆகும் என்பதற்கு இதே மேற்குக் கரையில் சாட்சி இருக்கிறது. 1860களில் திருவிதாங்கூர் அரசு வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், பூவாறிலிருந்து கொல்லங்கோடு, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் வழியாக மண்டைக்காடு வரை படகு போவதற்காகப் போடப்பட்டது. படகு நின்றது. இன்று அதில் பல இடங்களில் கால்வாய் இருந்த தடத்தை வயதானவர்கள் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நெய்யாறு சானலுக்கு அந்தக் கதி வர இன்னொரு இருபது ஆண்டு தேவைப்படாது.

தமிழ்நாட்டில் இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. அதிகம் பேசப்படுவது 2007ஆம் ஆண்டின் குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம். குளத்தை அளந்து, எல்லை குறித்து, பதிவேடு வைத்து, ஆக்கிரமித்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து அகற்றச் சொல்கிறது. நல்ல சட்டம், ஆனால் அன்று பொதுப்பணித்துறையின் கட்டுப்பாட்டில் இருந்த குளங்களை நடுவில் வைத்து எழுதப்பட்டது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள குளங்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியங்களிடம் இருக்கின்றன. அப்படியானால் மற்ற நீர்நிலைகளைக் காக்க வேண்டாமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இந்தச் சட்டத்தில் வராத நீர்நிலைகளின் ஆக்கிரமிப்பையும் அகற்ற வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்று 2015இல் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது. சானல் புறம்போக்குக்கு இருக்கவே இருக்கிறது 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். 7வது பிரிவில் அறிவிப்பு, 6வது பிரிவில் அகற்றம். ஆக, ‘எங்களுக்கு அதிகாரம் இல்லை’ என்று எந்த அலுவலகமும் சொல்ல முடியாது.

அகற்றுவதிலும் ஒரு நிதானம் வேண்டும். தண்ணீரே வராத சானலின் மேல் வழிப்பாதைக்கு மண் போட்டவரையும், சானலைச் சேர்த்து வளைத்து மதில் கட்டியவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முன்னவருக்கு ஒரு சிறு பாலம் போட்டுக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். அறிவிப்புக் கொடுத்து, பதிலைக் கேட்டு, பிறகு நடவடிக்கை எடு என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்.

இரண்டாவது, விவசாயிகள் பாசன முறைகளை மேலாண்மை செய்வதற்கான 2000ஆம் ஆண்டுச் சட்டம். நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை ஊர் எல்லைப்படி பிரிக்காமல், தண்ணீர் பாயும் பரப்பின்படி பிரிக்கச் சொல்கிற சட்டம் இது. தேர்தல் நடத்தி நிர்வாகக் குழு அமைத்து, பங்கீடு, பராமரிப்பு, தகராறு தீர்ப்பது வரை அவர்களிடம் பொறுப்பு கொடுக்கிறது. தண்ணீர் வராத சானலுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்கலாம். தண்ணீர் வராதபோதுதான் அதிகம் தேவை என்பேன். தனித்தனியாக மனு கொடுக்கும் நூறு பேரைவிட, சட்டப்படி பதிவான ஆயக்கட்டுதாரர் பட்டியலோடு நிற்கும் ஒரு சங்கத்தின் குரலுக்கு நீதிமன்றத்தில் எடை அதிகம். பட்டியல் இருந்தால் 9,200 ஏக்கர் என்பது வெறும் எண்ணாக இல்லாமல் சர்வே எண்களாக, பெயர்களாக இருக்கும். பேச்சுவார்த்தை நடந்தால் எதிரே உட்காரவும் ஆள் இருப்பார்கள், கேரளச் சட்டத்திலும் பாசனத்தில் விவசாயிகள் பங்கேற்க இடம் இருக்கிறது. இரு பக்கத்துச் சானல் விவசாயிகளும் நேரில் சந்தித்துக் கடைவரம்புக் கணக்கைப் பேசினால், அரசுகள் பேசுவதைவிடச் சீக்கிரம் ஒரு முறை பிடிபடலாம்.

மூன்றாவதாக, தண்ணீர் வரும்வரை சானலைச் சும்மா போடவேண்டியதில்லை. மழைக்காலத்தில் மேட்டிலிருந்து ஓடி வரும் வெள்ளத்தைச் சானலில் திருப்பி, அது முன்பு நிரப்பிய குளங்களுக்குக் கொண்டு போகலாம். சிற்றாறு பட்டணங்காலின் கடைவரம்பை எங்கெல்லாம் இதோடு இணைக்க முடியும் என்று நீர்வளத்துறை அளந்து பார்க்கலாம். துறை 2021இல் பொதுப்பணித்துறையிலிருந்து தனியாகப் பிரிந்த பிறகு இந்த மாதிரி வேலைக்குச் சாக்குச் சொல்ல இடம் குறைந்துவிட்டது. குளத்து வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ளச் சிறுகனிம விதிகளிலேயே வழி இருக்கிறது. முறையாக அனுமதி கொடுத்து, ஆழத்தைக் கண்காணித்தால் தூர்வார அரசுக்குச் செலவும் குறையும். இதெல்லாம் நெய்யாற்று உரிமையை விட்டுக்கொடுப்பதாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. சானலை உயிரோடு வைத்திருப்பவரின் கோரிக்கைக்குத்தான் வலு.

உடனே திரட்ட வேண்டியவை

வழக்கில் வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள், ஆனால் அவர்கள் கையில் கொடுக்க வேண்டியது ஊரில்தான் இருக்கிறது. 2004க்கு முந்தைய அடங்கல் (கிராமப் பயிர்ப் பதிவேடு) கணக்குகளில் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எந்தப் பாசனம் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிய பதிவு இருக்கும். தண்ணீர்த் தீர்வை கட்டிய ரசீதுகள் பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கலாம். சானலுக்கு நிலம் எடுத்தபோது இழப்பீடு வாங்கிய குடும்பங்களிடம் அந்த உத்தரவு நகல் இருக்கலாம். திட்டம் விளவங்கோட்டையும் சேர்த்தே தீட்டப்பட்டது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடைப்பது கடினம். மதகு திறந்து மூடிய பதிவேடுகள் பாசனப் பிரிவு அலுவலகங்களில் கறையான் அரிக்கும் முன் ஸ்கேன் செய்யப்பட வேண்டும். வயதான ஆயக்கட்டுதாரர்களின் வாக்குமூலத்தைச் சத்தியப் பிரமாணமாகப் பதிவு செய்ய இப்போது விட்டால் இன்னொரு வாய்ப்பு வராது.

சானல் நிலத்தையும் முழுதாக அளக்க வேண்டும். புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) உள்ள அகலத்தையும் களத்தில் உள்ள அகலத்தையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தாளாக எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதும். ஆக்கிரமித்தவர் யார் என்பதைவிட எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை ஊர் தெரிந்துகொள்ளும். கலெக்டரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ‘நெய்யாறு தண்ணீர் வேண்டும்’ என்று பொதுவாக எழுதுகிற மனுவோடு, இந்த அளவீட்டைத் தேதி குறித்துக் கேட்கிற மனுவையும் சேர்த்துக் கொடுக்கலாம். முதல் மனுவுக்குப் பதில் டெல்லியிலிருந்து வர வேண்டும். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாகர்கோவிலில் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.